ஆறு பேருக்குக் கட்டுச்சோறு: சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு நாள் கார்ப் பயணம்

காலை நாலரைக்குச் சென்னையை விட்டுக் கிளம்பி, செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், பெரம்பலூர், திருச்சி, மதுரை வழியாகப் பொழுது சாய்வதற்குள் திருநெல்வேலி போய்ச் சேர்வது திட்டம். தூரம் ஏறக்குறைய 620 கிலோமீட்டர். பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். காலைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மதியத்துக்குப் புளியோதரையும் தயிர்சாதமும், இடையில் காபி. இந்த நான்குக்கும் வேண்டிய அளவு, நேரம், கட்டும் முறை, எங்கே கெடும், ஏன் கெடும் என்பதெல்லாம் கீழே இருக்கின்றன.

கட்டுச்சோறு என்பது வீட்டுச் சாப்பாட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போவதல்ல. சமைத்து எட்டு மணி நேரம் கழித்துத்தான் அது ருசியின் உச்சத்துக்கு வர வேண்டும். ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் பிரிக்கிற சித்ரான்னம், குலதெய்வம் கோயிலுக்கு எடுத்துப்போகிற மூட்டை, சித்திரைத் திருவிழாவுக்கு வண்டி கட்டி வந்தவர்கள் கொண்டுவந்த சோறு எல்லாமே இந்தக் கணக்கில் அமைந்தவை. அடுப்பை அணைத்த பிறகு அதை எப்படி ஆறவிட்டோம், எதில் கட்டினோம் என்பதுதான் பாதிக்குமேல் தீர்மானிக்கிறது. கெட்டுப்போன கட்டுச்சோறுகளில் பெரும்பாலானவை சமையலில் கெட்டவை அல்ல. சூட்டோடு மூடியதால் கெட்டவை.

முதல் வேலை: வீட்டு அளவைத் தராசில் ஏற்றுவது

ஒவ்வொரு குடும்பத்திலும் புளிக்காய்ச்சலுக்கு ஒரு கை உண்டு. அது பாட்டியிடமோ அத்தையிடமோ இருக்கும். கேட்டால் "ஒரு ஆழாக்கு அரிசிக்கு ஒரு எலுமிச்சங்காய் அளவு புளி, கண்ணளவு உப்பு" என்று பதில் வரும். அந்தக் கையோடு அந்த ருசியும் போய்விடாமல் இருக்க ஒரே வழி, அவர்கள் சமைக்கும்போது பக்கத்தில் தராசோடு நிற்பது. அவர்களை நிறுத்தி அளக்கச் சொன்னால் கை தடுமாறும், அளவும் மாறும். அதற்குப் பதிலாக உப்பு ஜாடி, புளிப் பானை, எண்ணெய்த் தூக்கு, மிளகாய் டப்பா எல்லாவற்றையும் சமையலுக்கு முன்னால் ஒருமுறை எடைபோட்டுக் குறித்துவையுங்கள். அவர்கள் வழக்கம்போலச் சமைக்கட்டும். முடிந்ததும் எல்லாவற்றையும் மறுபடி எடைபோட்டால் குறைந்திருப்பதுதான் அவர்களுடைய அளவு. முடிந்த புளிக்காய்ச்சலின் எடையையும் மறக்காமல் எழுதவும். எவ்வளவு சுண்ட வைத்தார்கள் என்பதை அந்த ஒரு எண்தான் காட்டும்.

பழைய குறிப்பு ஆழாக்கில் இருந்தால்: ஒரு ஆழாக்கு 168 மி.லி. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நான்கு ஆழாக்கு ஒரு உரி, எட்டு ஆழாக்கு ஒரு படி. ஓர் ஆழாக்குப் பச்சரிசி சுமார் 140 கிராம் நிற்கும். கொட்டையும் நாரும் நீக்கிய புளியை எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டினால் 25 முதல் 30 கிராம். ஆனால் அழுத்தி உருட்டுகிறவர் கையில் அதே உருண்டை 40 கிராம்கூட வரும். புளி விஷயத்தில் மட்டும் வாய்ச்சொல்லை நம்பாமல் எடையை நம்ப வேண்டும்.

புளிக்காய்ச்சல்: இரண்டு நாள் முன்பே

600 கிராம் அரிசிக்கு: கொட்டை நீக்கிய புளி 100 கிராம், நல்லெண்ணெய் 120 மி.லி., கல் உப்பு 25 கிராம், மிளகாய் வற்றல் 8, மஞ்சள் தூள் ஒரு தேக்கரண்டி, கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு, வெல்லம் 15 கிராம், கடுகு, கறிவேப்பிலை. வறுத்துப் பொடிக்க: மல்லி விதை 15 கிராம், எள் 15 கிராம், வெந்தயம் 4 கிராம், மிளகு 3 கிராம், மிளகாய் வற்றல் 6.

புளியை 300 மி.லி. வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டவும். சக்கையில் இன்னும் 200 மி.லி. விட்டு இரண்டாம் முறை பிழிந்து சேர்த்துக்கொள்ளவும். இதற்கு மேல் தண்ணீர் விட்டால் அதையெல்லாம் அடுப்பில் ஆவியாக்கத்தான் நேரம் போகும்.

பாத்திரம் முக்கியம். அலுமினியத்தில் புளி கொதித்தால் உலோக வாடை ஏறும். ஈயம் பூசாத பித்தளை கூடவே கூடாது. அடி கனத்த எவர்சில்வர் போதும். கல்சட்டி இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. கல்சட்டியில் வைப்பவர்கள் வழக்கமாக நிறுத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அடுப்பை அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகும் அது கொதித்துக்கொண்டே இருக்கும். அதைக் கணக்கில் வைக்காவிட்டால் அடிப்பகுதி இறுகி மிட்டாய்ப் பதத்துக்குப் போய்விடும்.

எண்ணெயில் பெருங்காயத்தைப் பொரித்து எடுத்துத் தட்டிவைத்துக்கொண்டு, கடுகு, கிள்ளிய மிளகாய், கறிவேப்பிலை தாளித்துப் புளிக்கரைசலை ஊற்றவும். மஞ்சள், உப்பு சேர்த்து முதல் பத்து நிமிடம் பெரிய தீ. பிறகு சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம். வெல்லமும் பெருங்காயமும் கடைசி ஐந்து நிமிடத்தில்தான். வெல்லத்தை முன்னால் போட்டால் அடிப்பிடிக்கும்.

பதத்துக்கு மூன்று அடையாளங்கள். சின்னச் சின்ன நுரையாக வந்த கொதி, பெரிய குமிழியாகி "பொளக் பொளக்" என்று வெடிக்கும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் அந்தத் தடம் உடனே மூடாது. இந்த மூன்றும் சேர்ந்து வரும்போது எடை 340 முதல் 360 கிராம் இருக்கும். 450 கிராம் நின்றால் தண்ணீர் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். சோற்றில் பச்சைப் புளி வாடை அடிப்பதும், கிளறிய சோறு ஈரமாகிக் கட்டிபிடிப்பதும் பெரும்பாலும் இந்த அவசரத்தால் வருபவை.

வறுத்த பொடியைக் காய்ச்சலில் கொட்டிக் கொதிக்கவிடுபவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. எள்ளும் மல்லியும் கொதியில் மணத்தை இழக்கின்றன. சோறு கிளறும்போது தனியாகத் தூவினால் மதியம் பொட்டலம் பிரிக்கும் நேரத்தில் அந்த மணம் அப்படியே எழும். வெந்தயம் மட்டும் கவனம்: சிவந்ததும் எடுத்துவிட வேண்டும். கறுத்தால் மொத்தமும் கசக்கும். அதை வெல்லம் போட்டுச் சரிசெய்ய முடியாது. வேறு வெந்தயம் வறுப்பதுதான் வழி.

மிளகாய்ப்பொடி இட்லி

தலைக்கு நான்கு, மொத்தம் 24 இட்லி. இட்லி அரிசி 450 கிராம், உளுந்து 110 கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, உப்பு 12 கிராம். அரிசி நான்கு மணி நேரம் ஊறலாம். உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும். ரொம்ப நேரம் ஊறிய உளுந்து பொங்காது. முதல் நாள் மதியம் அரைத்துவைத்தால் வெயில் காலத்தில் இரவு பத்து மணிக்கே பொங்கி நிற்கும். அப்போதே ஒரு கரண்டிகூடக் கலக்காமல் பிரிஜ்ஜில் வைத்து அதிகாலை மூன்றுக்கு எடுத்தால் புளிப்பு ஏறாமல் இருக்கும். மார்கழியில் முற்பகலிலேயே அரைத்துவிட வேண்டும்.

பயணத்துக்குத் துணி போட்டு வார்க்கும் இட்லிதான் சிறந்தது. எண்ணெய் தடவிய குழியில் வெந்த இட்லியின் அடியில் வழவழப்பான தோல் விழும், அதில் பொடி ஒட்டாமல் வழுக்கும். துணி இட்லிக்கு நெய்த தடம் இருப்பதால் பொடி பிடித்துக்கொள்ளும். 10 முதல் 12 நிமிடம் வேகவைத்து, மூன்று நிமிடம் ஆறவிட்டு, துணியின் பின்புறம் தண்ணீர் தெளித்துப் பிரிக்கவும். பிரித்த இட்லிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் உலர்ந்த துணிமேல் பத்து நிமிடம் பரப்பிவைக்கவும். ஆவி முழுக்கப் போக வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்தால்தான் பாத்திரத்து மூடியில் நீர் கோத்து இட்லிமேல் சொட்டி, காலை ஏழரைக்குள் மேல் இட்லி கொழகொழவென்று ஆகும்.

பொடிக்கு: கறுப்பு உளுந்து 100 கிராம், கடலைப்பருப்பு 50 கிராம், மிளகாய் வற்றல் 30 கிராம், எள் 25 கிராம், உப்பு 15 கிராம், பெருங்காயம். உளுந்து பொன்னிறத்தைத் தாண்டிச் சிவக்க வறுபட வேண்டும். கொரகொரப்பாகத் திரிக்கவும். இதில் 100 கிராம் பொடிக்கு 120 மி.லி. நல்லெண்ணெய் என்று அகலமான தட்டில் குழைத்து, ஒவ்வொரு இட்லியையும் இருபுறமும் ஓரமும் படப் புரட்டி எடுக்கவும். எண்ணெய்ப் பூச்சு முழுமையாக இருந்தால் உள் ஈரம் வெளியே போகாது. மதியம் வரை இட்லி காயாது. எண்ணெயைக் குறைத்துக்கொண்டால் ஓரங்கள் வறண்டு வெடிக்கும். பிள்ளைகளுக்குத் தனியாக மிளகாய் குறைத்து, நெய்யில் குழைத்து எட்டு இட்லி எடுத்துவைக்கலாம்.

நீண்ட வழிக்கு இட்லி எப்படித் தாங்கும் என்பதற்குக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியைப் பார்த்தால் போதும். மந்தாரை இலை வேய்ந்த மூங்கில் குடலையில் வெகுநேரம் வேகும். சுக்கு, மிளகு, சீரகம் எல்லாம் மாவிலேயே இருக்கும். வீட்டு மாவிலும் ஒரு தேக்கரண்டி கொரகொரத்த மிளகு சீரகமும் அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடியும் நெய்யில் பொரித்துச் சேர்த்து டம்ளரில் வார்க்கலாம். நேரம் மட்டும் 25 நிமிடம் ஆகும்.

சட்னி வேண்டாம். அரைத்த தேங்காய்தான் கட்டுச்சாதத்தில் முதலில் கெடுவது. மே மாதத்தில் மூன்று மணி நேரம்கூடத் தாங்காது.

அதிகாலை: சோறு

குறைந்தது ஆறு மாதமாவது கிடந்த பழைய பச்சரிசி வேண்டும். பொன்னியோ சோனா மசூரியோ எதுவானாலும் சரி. புது அரிசி எவ்வளவு தண்ணீர் குறைத்தாலும் குழையும். 600 கிராமைக் கழுவி 20 நிமிடம் ஊறவைத்து, 1,200 மி.லி. தண்ணீரோடு குக்கரில் மூன்று விசில். ஆவி தானாக அடங்கட்டும், ஆனால் அடங்கிய உடனே திறந்துவிட வேண்டும். மூடியே வைத்திருந்தால் உள்சூட்டில் அடிச்சோறு மேலும் வெந்து மசியும்.

இரண்டு அகலமான தாம்பாளங்களில் இரண்டு விரற்கடைக்கு மேல் உயரமில்லாமல் பரப்பி, 30 மி.லி. நல்லெண்ணெயும் ஒரு சிட்டிகை மஞ்சளும் விட்டு, பச்சைக் கறிவேப்பிலை தூவி, மின்விசிறிக்குக் கீழே வைக்கவும். சூட்டோடு கரண்டி போட்டால் பருக்கை உடையும். கை பொறுக்கும் சூடு வரும்போதுதான் புளிக்காய்ச்சல். அதற்கு ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும்.

பரப்பி ஆறவைப்பதற்கு ருசியைத் தாண்டி ஒரு காரணம் இருக்கிறது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருப்பது சகஜம். அவை கொதியில் சாவதில்லை. வெந்த சோறு குவியலாக வெதுவெதுப்பில் மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு திரும்பச் சுடவைத்தாலும் அழியாது. சீக்கிரம் ஆறிய சோற்றில், தண்ணீர் வற்றிய புளியும் உப்பும் ஒவ்வொரு பருக்கையிலும் படும்போது அந்தக் கிருமிக்கு வளர இடமில்லாமல் போகிறது. ஆகவே ஒரு மூலையில் வெள்ளைச் சோறு தப்பி நிற்காமல் கிளறுவது அழகுக்காக மட்டும் அல்ல.

350 கிராம் காய்ச்சலில் 50 கிராமைத் தனியே வைத்துவிட்டு 300 கிராமைச் சேர்க்கவும். வறுத்த பொடியைத் தூவி, விரல்களால் அடியிலிருந்து மேலாகப் புரட்டவும். இப்போது ருசி பார்த்தால் உப்பும் புளிப்பும் ஒரு படி தூக்கலாக இருக்க வேண்டும். எட்டு மணி நேரத்தில் சோறு அதை உறிஞ்சி மட்டுப்படும். சுடச்சுடச் சரியாக இருக்கிற புளியோதரை மதியம் சப்பென்று இருக்கும். கடலைப்பருப்பையும் நிலக்கடலையையும் (ஒவ்வொன்றும் 60 கிராம்) கொஞ்சம் எண்ணெயில் பொரித்துத் தனி டப்பாவில் கொண்டுபோய்ச் சாப்பிடும்போது கலப்பதே நல்லது. கலந்து கட்டினால் பத்து மணிக்கே நமத்துவிடும்.

சோறு விறைத்துப்போகிறது என்ற குறை அடிக்கடி வரும். வெந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகும், குளிர்ப்பெட்டியில் வைத்தால் இன்னும் வேகமாக இறுகும். புளியோதரையை ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள். எண்ணெய்தான் அந்த இறுக்கத்தைத் தளர்த்துவது. அரிசி 600 கிராமுக்கு மொத்தம் 150 மி.லி. எண்ணெய் அதிகமாகத் தோன்றலாம். பயணத்துக்கு அதற்குக் குறையக் கூடாது.

தயிர்சாதம்: வழியில் உறையட்டும்

காலையிலேயே தயிர் ஊற்றிப் பிசைந்தால் மதியம் புளித்து நுரைக்கும். பாலில் பிசைந்து, பிரைத் தயிர் மட்டும் விட்டுக் கொண்டுபோனால் வண்டியிலேயே தயிராகிவிடும்.

250 கிராம் அரிசியை ஒரு லிட்டர் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவைத்துச் சூட்டோடு மசிக்கவும். காய்ச்சிய கொழுப்பு நிறைந்த பால் 600 மி.லி. சேர்க்கவும். இந்த நிலையில் கஞ்சிபோலத் தளரத் தெரியும், பயப்பட வேண்டாம், மணிக்கணக்கில் அது இறுகும். வெண்ணெய் 30 கிராம், உப்பு 12 கிராம். சிறு விரலை வைத்தால் இதமான சூடு என்ற நிலை வந்ததும், அதாவது 40 டிகிரி வாக்கில், 30 கிராம் தயிரைக் கலக்கவும். அதைவிடச் சூட்டில் கலந்தால் பிரைத் தயிரில் உள்ள நுண்ணுயிர்கள் செத்துவிடும். அப்போது மதியம் கிடைப்பது உறையாத பால்சோறு. அதைச் சாப்பிடுவதும் பாதுகாப்பில்லை. ஏசி முழு வேகத்தில் ஓடும் வண்டியென்றால் 45 கிராம் தயிர் விடவும், பாத்திரத்தைத் துண்டில் சுற்றிவைக்கவும்.

கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளிக்கலாம். வெள்ளரி, பச்சை வெங்காயம், துருவிய காரட் மூன்றும் நீர் விடும். அவை வேண்டுமானால் நறுக்காமல் எடுத்துப்போய் அங்கே சேர்க்கவும். மாதுளை முத்துக்களும் அப்படியே. பாத்திரத்தில் கால் பங்கு காலியாக இருக்க வேண்டும். தொட்டுக்கொள்ள உப்பு நார்த்தங்காய் அல்லது மாவடு, பொரித்து ஆறவைத்த மோர் மிளகாய். இவை மூன்றும் எவ்வளவு வெயிலையும் தாங்கும்.

இலை, நார், அடுக்கு

வாழை இலையை வாட்டாமல் மடித்தால் கிழியும். நடு நரம்பைச் சீவி எடுத்து, ஒன்றரைச் சாண் அகலத் துண்டுகளாக்கி, தணலுக்கோ அடுப்புத் தீக்கோ மேலே ஒரு சாண் உயரத்தில் மெதுவாக இழுக்கவும். இலை நிறம் ஆழ்ந்து, மேற்புறம் பளபளத்து, துணிபோலத் தொங்கும்போது எடுத்துவிட வேண்டும். துடைத்து, உட்புறம் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி, ஒரு பொட்டலத்துக்கு 300 கிராம் புளியோதரை. நீள ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, இரு முனைகளையும் கீழே செருகி, தண்ணீரில் நனைத்த வாழைநாரால் ஒரு குறுக்குக் கட்டு. சோறு நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடாகக் கட்டினால் இலை கறுத்து, வெந்த தழை வாடை சோற்றில் இறங்கும். ஆறிய பிறகு கட்டியதற்குத்தான் அந்த மணம். இலையும் நல்லெண்ணெயும் பெருங்காயமும் கலந்து வருகிற அந்த ஒரு மணத்தில், பல குடும்பங்களின் ஊர்ப்பயணம் மொத்தமும் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

இலைக்கு மேலே செய்தித்தாள் சுற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். எண்ணெய் பட்டால் அச்சு மை கரைந்து இறங்கும். 2018-ல் வந்த உணவுப் பொதியல் விதிகளே செய்தித்தாளில் உணவு கட்டுவதைத் தடுக்கின்றன. வாழை இலைபோல அச்சிட்ட பிளாஸ்டிக் தாளும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைப்பட்டியலில் இருக்கிறது. வெள்ளைப் பருத்தித் துணி போதும். பொட்டலங்களை மூங்கில் கூடையிலோ மூடி இறுகாத எவர்சில்வர் டப்பாவிலோ அடுக்கலாம். பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டால் எல்லா உழைப்பும் வீண்.

இட்லிக்கும் தயிர்சாதத்துக்கும் அடுக்கு டிபன் கேரியர். பரணிலிருந்து இறக்கிய பழைய கேரியரைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே சோதித்துப் பார்க்கவும். ஒவ்வொரு அடுக்கிலும் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, மூடிப் பூட்டி, ஐந்து நிமிடம் சாய்த்துவைத்தால் ஒழுகும் இடம் தெரியும். கொண்டி தளர்ந்திருந்தால் அதன் வளைவைக் குறட்டால் சற்றே உள்நோக்கி நெரித்தால் பிடித்துக்கொள்ளும். விளிம்பு நசுங்கியிருந்தால் உட்புறம் மரக்கட்டையை அண்டக்கொடுத்து வெளியிலிருந்து மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். இரும்புச் சுத்தியல் புதிய பள்ளம் போடும். மூடியில் ரப்பர் வளையம் இருக்கும் வகையென்றால், விரலால் மடித்துப் பார்த்து வெடிப்புத் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். வெளி விட்டத்தை அளந்துகொண்டு பாத்திரக் கடையில் கேட்டால் கிடைக்கும். புது வளையத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுத்தால் ரப்பர் நாற்றம் போகும். கடைசி நேரத்தில் ஒழுகல் தெரிந்தால், வாட்டிய இலைத் துண்டு ஒன்றை மூடிக்கும் அடுக்குக்கும் நடுவில் வைத்து அழுத்தி மூடினால் பயணம் முடியும்வரை தாங்கும்.

காபி

பாலும் டிகாக்ஷனும் கலந்து பிளாஸ்கில் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் மணம் போய்விடும். டிகாக்ஷன் தனி, பால் தனி, சர்க்கரை தனி. 60 கிராம் தூளுக்குக் கொதிக்கும் தண்ணீர் 350 மி.லி. விட்டால் ஏறக்குறைய 250 மி.லி. இறங்கும். முதல் நாள் இரவே போட்டுவைக்கலாம். பிளாஸ்கில் முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பொங்கிய பாலை உடனே கழுத்துவரை நிரப்பவும். பாதி நிரப்பினால் உள்ளே இருக்கும் காற்று சூட்டைத் தின்றுவிடும். பால் 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு கெட ஆரம்பிக்கும் என்பதால் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுவது நல்லது. மாலைக் காபிக்கு டீக்கடையில் சூடான பால் வாங்கி மீதி டிகாக்ஷனை விட்டுக்கொள்ளலாம்.

வண்டியில், வழியில்

சாப்பாட்டுக் கூடைக்கு டிக்கியில் இடம் கொடுக்காதீர்கள். ஏசி காற்று எட்டாது. முன்சீட்டுக்குப் பின்னால், கீழே, வெயில் படாத பக்கமாக வைப்பது சரி. வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில் கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். கோயிலுக்கோ கடைக்கோ இறங்கினால் கூடையும் கூடவே இறங்க வேண்டும்.

நாலரைக்குக் கிளம்பினால் ஏழரை வாக்கில் விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டையை நெருங்கலாம். இட்லிக்கு அதுதான் நேரம். மதியச் சாப்பாட்டுக்குத் திருச்சி தாண்டி விராலிமலை, துவரங்குறிச்சிப் பக்கம். நாற்கரச் சாலையின் ஓரத்தில் வண்டியை நிறுத்திப் பாய் விரிப்பது ஆபத்து. பக்கத்துக் கிராமத்துக்குப் பிரியும் சாலையில் ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால் மரமும் நிழலும் இருக்கும். புறவழிச்சாலை வந்த பிறகு ஒதுங்கிப்போன பழைய சாலைத் துண்டுகளில் புளிய மர நிழல் இன்னும் இருக்கிறது. நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

குடிக்க 12 லிட்டர், கை கழுவ 5 லிட்டர் தண்ணீர், ஒரு சொம்பு. பிரித்தவுடன் சாப்பிடும் முன் ஒரு பருக்கையை விரலிடுக்கில் நசுக்கிப் பார்ப்பது நல்ல வழக்கம். பிசுபிசுத்து நூல் விட்டாலோ, புளி மணத்துக்கு அடியில் வேறு வாடை வந்தாலோ மொத்தப் பொட்டலத்தையும் ஒதுக்கிவிடுங்கள். சாப்பிட்ட இலைகளை அங்கேயே வீசினால் மாடுகள் சாலைக்கு வரும். ஒரு சாக்குப்பையில் சேர்த்து ஊரில் கொண்டுபோய்ப் போடலாம். வண்டி தாமதமானால் இரவுக்கு மிச்சம் வைக்க வேண்டியது புளியோதரையைத்தான். தயிர்சாதத்தை மதியமே முடித்துவிட வேண்டும்.

மதுரை தாண்டிய பிறகு மாலைப் பசிக்கு வீட்டிலிருந்து எதுவும் தேவையில்லை. சாத்தூர் சேவும், 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் அதே நெடுஞ்சாலையில் வருகின்றன. மீதி டிகாக்ஷனுக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை.

ஊர் சேர்ந்ததும் முதல் வேலை பிளாஸ்க். பால் காய்ந்துபோவதற்குள் ஒரு தேக்கரண்டி சோடா உப்பும் வெந்நீரும் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவி, மூடாமல் கவிழ்த்துவைக்கவும். கேரியரின் ரப்பர் வளையங்களைக் கழற்றித் தனியாக உலர்த்த வேண்டும், ஈரத்தோடு பூட்டினால் பூஞ்சை பிடிக்கும். தனியே வைத்த 50 கிராம் புளிக்காய்ச்சல் வெளியிலேயே ஒரு வாரம் நன்றாக இருக்கும். திரும்பும் நாளன்று அங்கே 100 கிராம் அரிசி வடித்தால் ஒருவருக்கு அது சரியாக இருக்கும். எல்லோருக்கும் வேண்டுமென்றால் முதலிலேயே இரட்டை அளவு காய்ச்சிப் பீங்கான் ஜாடியில் எடுத்துப்போகலாம்.